மார்த்தாவின் பங்கு எங்கே?

(திருவருகைக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கு அச்சிடப்படுகிறது.)



இன்றைய நற்செய்தியில் பாலைநிலத்தில் ஒரு குரல் கேட்கிறது. திருமுழுக்கு யோவானின் குரல் அது. ஆண்டவர் வருகிறார், அவருக்கு வழியை ஆயத்தம் செய்யுங்கள் என்கிறது. எப்படி ஆயத்தம் செய்வது? பள்ளங்கள் நிரவப்பட வேண்டும், மலைகளும் குன்றுகளும் தாழ்த்தப்பட வேண்டும், கோணலானவை நேராக வேண்டும் என்று இறைவாக்கினர் எசாயாவின் சொற்களைக் கொண்டு லூக்கா விளக்குகிறார்.

இந்த வாசகத்தை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நம் மனம் ஆணவம் என்னும் மலையை நினைக்கிறது. பாவம் என்னும் பள்ளத்தை நினைக்கிறது. அது சரிதான். ஆனால் இன்று வேறொரு மலையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் வீடுகளுக்குள்ளேயே டிசம்பர் மாதம் எழும்பி நிற்கிற மலை அது. ஒரே ஒருவருடைய தோளில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் வேலை மலை.

இந்த மாதத்தை நாம் அறிவோம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. வெளியே அடைமழை, துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும். தையற்கடையில் கொடுத்த துணியை நாலு முறை போய்க் கேட்க வேண்டும். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்துக்கு மாவு இடிக்க வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வருவார்கள், சம்பந்தி வீட்டார் வருவார்கள். கீத பவனி வீட்டுக்கு வரும் இரவில் எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வேலைக்கும் போக வேண்டும். துணிக்கடையில் நிற்பவர்களுக்கும், பேருந்து ஓட்டுகிறவர்களுக்கும், தையல்காரர்களுக்கும் பண்டிகைக் காலம்தான் அதிகம் உழைக்கிற காலம். ஊரே ஓய்வெடுக்கும்போது அவர்களுக்கு இரட்டை வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அது எங்கள் தவறு. சம்பந்தப்பட்ட தாயின் அனுமதியைப் பெற்றுத்தான் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். பீடி சுற்றுவதை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த ஒரு பங்கு என்று மட்டும் சொன்னால் போதும்.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி. ஆலயம் நிரம்பி வழிந்தது. மறையுரை சொல்லிக்கொண்டிருந்தோம். தூணை ஒட்டிய வரிசையில் ஒரு தாய் தூணில் தலை சாய்த்து, வாய் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அது பீடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. இடையர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாங்கள், "இடையர்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள், அதனால் நற்செய்தி அவர்கள் காதில் விழுந்தது. நம்மில் சிலருக்கோ ஆலயத் தூணே தலையணையாகிவிட்டது" என்று சொல்லிவிட்டோம். கண் அந்தப் பக்கம் போனது. எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பெண் அவரைத் தட்டி எழுப்பினார். அவர் திடுக்கிட்டு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலை குனிந்தபடி உட்கார்ந்தார். அன்று அவர் நற்கருணை வாங்க வரவில்லை.

திருப்பலி முடிவில், குடில் அமைத்த இளைஞர்களின் பெயர்களை வாசித்தோம். நட்சத்திரம் கட்டியவர்கள், ஒலிபெருக்கி அமைத்தவர்கள், எல்லாரையும் பாராட்டிக் கைதட்டச் சொன்னோம். அந்தத் தாயின் கணவர் பெயரும் மகன் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன.

மூன்று நாள் கழித்து, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோனபோது அந்த வீட்டுக்கும் போக நேர்ந்தது. அவருடைய மாமியார் படுத்த படுக்கையாய் இருந்தார். நற்கருணை கொடுத்து, செபம் சொல்லி முடித்தபின், அந்தத் தாய் வாசல் வரை வந்து நின்றார்.

"மன்னிச்சிருங்க சாமி. அன்னைக்கிக் கையில வேல எதுவும் இல்லாம நான் உக்காந்தது கோயில்லதான். தூணுல சாஞ்சது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

குறை சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்டார். பிறகு நாங்கள் கேட்கக் கேட்க, அந்த நாள் எப்படிப் போனது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

பண்டிகைக்கு முன் கூலி கைக்கு வர வேண்டுமென்றால் 24-ஆம் தேதி மதியத்துக்குள் பீடிக்கடையில் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஆயிரம் பீடி, கட்டுக்கு 25 வீதம் 40 கட்டு. அதற்காக முந்தின நாள் இரவே இலையை நனைத்து வைத்து, விடியுமுன் எழுந்து வெட்டி, சுற்றத் தொடங்கினார். நடுவில் சமையல், மாமியாருக்குக் குளிப்பாட்டுதல், மகனின் புதுச் சட்டைக்குப் பொத்தான் தைத்தல். கடைக்குப் போய்க் கூலி வாங்கி, வரும் வழியில் கறிக்குச் சொல்லி வைத்து, வந்ததும் முறுக்குக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறார். அதற்கு முந்தின நாள் ஆலயத்தைக் கழுவியது அவருடைய அன்பியம். முறைப்படி வந்த வேலை. அது மட்டுமல்ல, கிறிஸ்து பிறப்பு விழாவன்று காலையில் பங்குத்தந்தை இல்லத்துக்கு ஆப்பம் கொடுத்தனுப்புவதும் அவர்கள் அன்பியத்தின் முறை. திருப்பலிக்கு வருமுன் மாவை அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

அந்த ஆப்பத்தை நாங்கள் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்றும் சொன்னோம். யார் செய்தது என்று கேட்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, அன்று இரவு பங்குத்தந்தை இல்லத்துக்குத் திரும்பி இரண்டு வாசகங்களைத் திறந்து படித்தோம். இரண்டும் நமக்கு நன்கு தெரிந்தவைதான். ஆனால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது வேறு, எழுதியிருப்பது வேறு.

முதலாவது, இடையர்களைப் பற்றிய பகுதி. லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரம். அந்த இடையர்கள் பக்திக்காகக் கண்விழித்தவர்கள் அல்லர். இரவு வேலையில் இருந்தவர்கள். கிடையைக் காவல் காப்பது அவர்கள் பிழைப்பு. அவர்கள் ஆலயத்துக்கு வரவில்லையே என்று வானதூதர் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்து செய்தியைச் சொன்னார். ஆக, அன்று நாங்கள் காட்டிய எடுத்துக்காட்டு எங்களுக்கு எதிராகவே நின்றது. இடையர்களைப் போலக் கண்விழித்து உழைத்தவர் அந்தத் தாய்தான். வானதூதர் செய்ததை நாங்கள்தான் செய்யவில்லை.

தூங்கிக்கொண்டிருக்கும் களைத்த மனிதரிடம் வானதூதர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் திருவிவிலியத்தில் பதில் இருக்கிறது. அரசர்கள் முதல் நூல், 19-ஆம் அதிகாரம். எலியா பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில், இனி முடியாது ஆண்டவரே என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுக்கிறார். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொள்கிறார். வானதூதர் திட்டவில்லை. மறுபடி தூங்க விடுகிறார். இரண்டாம் முறையும் வந்து உணவு கொடுக்கிறார். நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறார். களைத்தவருக்குக் கடவுள் முதலில் தருவது சோறும் தூக்கமும். அறிவுரை அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது பகுதி, மார்த்தா மரியா வீட்டில் இயேசு. லூக்கா 10-ஆம் அதிகாரம், 38 முதல் 42 வரை. இந்தப் பகுதியை வைத்து எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்போம்! மரியா நல்லவள், மார்த்தா பரபரப்புக்காரி. வேலை வேலை என்று ஓடாதீர்கள், செபம் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துவிடுவோம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் தாய் என்ன செய்வார்? செபிக்க நேரமில்லையே என்ற குற்ற உணர்வையும் மலையின் மேல் ஏற்றிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைப்பார். ஏனெனில் அவர் சமைக்காவிட்டால் அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

ஆண்டவர் உண்மையில் மார்த்தாவிடம் சொன்னது என்ன? நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், இந்தப் பகுதிக்கு முன்னால் என்ன இருக்கிறது? நல்ல சமாரியர் உவமை. அடிபட்டுக் கிடந்தவருக்குக் காயம் கட்டி, எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்து, சத்திரத்தில் சேர்த்துப் பணிவிடை செய்தவரைப் போல நீயும் செய் என்று சொன்ன இயேசு, அடுத்த பக்கத்திலேயே பணிவிடை செய்வது மட்டம் என்று சொல்வாரா? சொல்லமாட்டார். அவர் பெயர் சொல்லி, இரண்டு முறை, மார்த்தா மார்த்தா என்று அழைக்கிறார். அது கோபக் குரல் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை நிறுத்தி, கொஞ்சம் மூச்சு விடம்மா என்று சொல்லும் குரல்.

இரண்டாவது, மார்த்தாவின் நிலையைச் சொல்ல லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு நாலாபக்கமும் இழுபடுதல் என்பது பொருள். வேலை செய்தார் என்பது அவர் குறை அல்ல. அடுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, விருந்தினர் ஒரு பக்கம், பேர் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை ஒரு பக்கம். கை ஓரிடத்திலும் மனம் நாலிடத்திலுமாக இருக்கிறது. இந்த இழுபறியிலிருந்துதான் ஆண்டவர் அவரை விடுவிக்க விரும்புகிறார்.

மூன்றாவது, மார்த்தா வாய் திறந்து சொன்ன முறையீட்டைக் கவனியுங்கள். வேலை அதிகம் என்று அவர் சொல்லவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்கிறார். அந்தத் "தனியாக" என்னும் சொல்தான் இந்தப் பகுதியின் உயிர்நாடி. பத்துப் பேர் சேர்ந்து நூறு பேருக்குச் சமைத்தால் அது திருவிழா. அன்பிய விருந்துகளில் நாம் பார்க்கிறோமே! வெங்காயம் உரிப்பதும் தேங்காய் துருவுவதும் பேச்சும் சிரிப்புமாகப் போகிறது. ஒருவர் தனியாகப் பத்துப் பேருக்குச் சமைத்து, பின்னால் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால், அது பாரம்.

நான்காவதாக, மரியா தேர்ந்துகொண்ட நல்ல பங்கு அவளிடமிருந்து எடுக்கப்படாது என்கிறார் ஆண்டவர். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. மரியாவுக்கு ஆண்டவரின் காலடியில் ஒரு பங்கு உண்டு என்றால், மார்த்தாவுக்கு அங்கே பங்கு இல்லையா? உண்டு. ஆண்டவருடைய காலடி ஒருவருக்கு மட்டும் இடமுள்ள குறுகிய திண்ணை அல்ல. மார்த்தாவின் பங்கை ஆண்டவர் எடுக்கவில்லை. அப்படியானால் நம் வீட்டு மார்த்தாக்களிடமிருந்து அதை எடுத்தது யார்? உட்கார்ந்து கேட்கிற நாம்தான். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற நாம்தான். ஆப்பம் யார் செய்தது என்று கேட்காத நாம்தான்.

இதோடு மார்த்தாவின் கதை முடியவில்லை. யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், சகோதரர் இலாசரை இழந்து நிற்கும் வேளையில், இயேசுவை மெசியா என்றும் இறைமகன் என்றும் அறிக்கையிடுகிறார் மார்த்தா. பேதுரு செய்த அறிக்கைக்கு நிகரான நம்பிக்கை அறிக்கை அது. அடுத்த அதிகாரத்தில், பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் விருந்து. மார்த்தா மறுபடியும் பணிவிடை செய்கிறார். இந்த முறை முறையீடும் இல்லை, திருத்தமும் இல்லை. 2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், சூலை 29-ஆம் நாளை மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவரின் நினைவு நாளாகத் திருஅவை முழுவதும் கொண்டாடும்படி செய்தார். அதுவரை அந்த நாள் நாட்காட்டியில் மார்த்தாவின் பெயரால் மட்டுமே இருந்தது. இப்போது மூவரும் சேர்ந்து நிற்கிறார்கள். பணிவிடை செய்தவர், கேட்டவர், சாவிலிருந்து எழுப்பப்பட்டவர், மூவரும் ஒரே வீட்டார். ஒரு வீட்டின் புனிதம் ஒருவருடைய தோளில் மட்டும் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட அழகான அடையாளம் வேண்டுமா?

நம் நாட்டு நிலவரத்தையும் பார்த்துவிடுவோம். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. வீட்டாருக்காகக் கூலியின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்காகச் செலவிட்டார்கள். ஏறக்குறைய 5 மணி நேரம். அவ்வேலையைச் செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும், நூறு பெண்களில் 81 பேர் இந்த வேலைகளைச் செய்தார்கள். நூறு ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். இது சாதாரண நாளின் கணக்கு. டிசம்பர் 24-ஆம் தேதியின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கக் கூடாது, அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் வீட்டில் நிற்பவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே அன்பு மட்டும்தான் சட்டம். அந்த அன்பு எழுந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்படியில் போட வேண்டும்.

சட்டம் என்றதும் ஓய்வுநாள் கட்டளை நினைவுக்கு வருகிறது. இணைச்சட்ட நூல் 5-ஆம் அதிகாரத்தில் அதை வாசித்துப் பாருங்கள். ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டுமல்ல; மகனுக்கும் மகளுக்கும், பணியாளருக்கும் பணிப்பெண்ணுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும், ஊரில் தங்கியிருக்கும் அந்நியருக்கும் உண்டு என்று ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறது. நம் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். திருப்பலி முடிந்ததும் கறிக்கடை வரிசை. வீட்டில் அனைவருக்கும் விடுமுறை, ஆகவே கறிச்சோறு. யாருக்கு விடுமுறை? அம்மாவுக்கு மற்ற ஆறு நாளைவிட ஏழாம் நாளில்தான் மசாலா அதிகம் அரைக்க வேண்டியிருக்கிறது. மாட்டுக்கும் ஓய்வு கொடுத்த கடவுள், நம் வீட்டுத் தாயை மறந்திருப்பாரா? நாம்தான் மறந்தோம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? எங்கள் பங்கில் செய்ததைச் சொல்கிறோம்.

அடுத்த ஆண்டு திருவருகைக்காலம் தொடங்குமுன் பங்குப் பேரவையைக் கூட்டினோம். முதலில் நடந்ததைச் சொல்லி, எங்கள் தவறை ஒத்துக்கொண்டோம். அந்தத் தாயிடம் தனியாக மன்னிப்புக் கேட்டது போதாது. பலர் முன் சிரிக்க வைத்ததால் பலர் முன்தான் கேட்க வேண்டும் என்று, ஒரு ஞாயிறு திருப்பலியில் பெயர் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, பங்கு வைக்கும் பாரத்தை முதலில் குறைத்தோம். பங்குத்தந்தை இல்லத்துக்குப் பலகாரம் அனுப்பும் முறையை நிறுத்தினோம். கீத பவனி இரவு 9 மணிக்கு முடிய வேண்டும், எந்த வீட்டிலும் காப்பியோ பலகாரமோ வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். பாடகர் குழுவுக்கு ஒரே நிறத்தில் புதுப்புடவை வேண்டாம் என்றோம். விழாவுக்கு முன் ஆலயம் கழுவும் வேலையை ஆண்களும் இளைஞர்களும் ஏற்றார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் வருடம் ஆண்கள் ஆலயத்தைக் கழுவிய அழகில் பீடத்தின் பின்பக்கம் நனையவே இல்லை. வாளியும் துடைப்பமும் போட்ட இடத்தில் கிடந்தன. "இதுக்கு நாங்களே செஞ்சிருப்போம் சாமி" என்று பாட்டிமார் சொன்னார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் பாட்டி என்றோம். இரண்டாம் வருடம் பின்பக்கமும் நனைந்தது. காப்பி வாங்கக் கூடாது என்றதில் சிலருக்கு வருத்தம். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறீர்களே என்றார்கள். அந்த வருத்தத்தையும் மதித்து, தண்ணீர் மட்டும் குடித்தோம்.

இனி, வீடுகளுக்குச் சில வார்த்தைகள்.

தந்தையரே, கணவன்மாரே, உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கேரளாவில் சாரம் ஏறி உழைப்பவர்களும், இரவெல்லாம் லாரி ஓட்டுபவர்களும், கடலுக்குப் போகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். களைத்துத்தான் வீடு வருகிறீர்கள். ஆனால் களைப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்தானே இன்னொருவர் களைப்பைப் புரிந்துகொள்ள முடியும்? "ஏதாவது உதவணுமா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வேலை அவருடையது, நீங்கள் இரங்கி உதவுகிறீர்கள் என்று ஆகிவிடும். ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாவு அரைப்பதா, பாத்திரம் கழுவுவதா, படுக்கையில் இருக்கும் பெற்றோருக்கு இரவு மருந்து கொடுப்பதா, எதுவானாலும் அது உங்கள் பொறுப்பு என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பிறந்த குழந்தையையும் தாயையும் இரவோடு இரவாக எகிப்துக்குக் கூட்டிச் சென்ற சூசையப்பர் திருக்குடும்பத்தின் பாரத்தைத் தம் பாரமாக எடுத்துக்கொண்டவர். அவர் பேசிய ஒரு சொல்கூட நற்செய்தியில் இல்லை. செய்தது மட்டும் இருக்கிறது.

பிள்ளைகளே, தேர்வுக்குப் படிக்க வேண்டும்தான். ஆனால் சாப்பிட்ட தட்டைக் கழுவ ஒரு நிமிடம் போதும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று இதில் வேறுபாடு இல்லை. மகளை அடுப்படிக்கும் மகனைக் குடில் கட்டவும் அனுப்பினால், நாம் அடுத்த தலைமுறைக்கும் அதே மலையைக் கட்டிக்கொடுக்கிறோம்.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல் உண்டு, கோபிக்க வேண்டாம். மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்தபோது, அவருடைய மாமனார் இத்திரோ வந்து, நீ செய்வது சரியல்ல, நீயும் சோர்ந்துபோவாய், மக்களும் சோர்ந்துபோவார்கள் என்று சொன்னார். பொறுப்பை ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் தலைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மோசே மறுக்காமல் கேட்டுக்கொண்டார். பிரித்துக் கொடுத்த வேலை நம் கைப்பக்குவத்தில் வராது. அவர் மடித்த துணி கோணலாகத்தான் இருக்கும். மகன் பிழிந்த முறுக்கு வட்டமாக வராது. வரவேண்டாம். முறுக்கு கோணலாக இருந்தாலும் வீட்டின் பாரம் நேராகட்டும். பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்று செய்யும் வேலைகள் எவையெவை என்று ஒரு முறை யோசித்து, அவற்றில் இரண்டையாவது இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஏழு வகைப் பலகாரத்துக்குப் பதில் வீட்டுக்கு ஒரு வகை செய்து, நான்கு வீடுகள் மாற்றிக்கொண்டால் எல்லார் வீட்டிலும் நான்கு வகை இருக்கும்.

தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள், பிரித்துக் கொடுக்க வீட்டில் ஆளில்லாதவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களிடம் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்வது எங்களுக்கு எளிது. உங்களுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. அதற்குத்தான் அன்பியம். ஒருவர் மற்றவருடைய பாரத்தைச் சுமந்துகொள்ள வேண்டும் என்று கலாத்தியருக்கு எழுதிய புனித பவுல், அதைக் குடும்பத்துக்குள் மட்டும் என்று எழுதவில்லை. இந்த வாரம் ஒவ்வொரு அன்பியமும், நம்மிடையே தனியாகச் சுமப்பவர் யார் என்று கேட்டு, அவர் வீட்டுக்கு ஒரு வேளைச் சமையலோ, நோயாளியின் அருகில் இரண்டு மணி நேரமோ கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தத் தாயைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மறு ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்தார். அதே தூண், அதே வரிசை. மாமியாரை அன்று இரவு அவருடைய மகன் பார்த்துக்கொண்டான். காலைத் திருப்பலிக்கு அவன் வந்தான். மறையுரையின்போது அவர் கண் மறுபடியும் மெல்லச் சொருகியது. இந்த முறை நாங்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டோம். மறையுரையையும் சுருக்கினோம். நற்கருணைக்கு எழுந்து வந்தார். கை நீட்டினார். இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்த விரல்களில் ஆண்டவரை வைத்தோம்.

அன்பார்ந்தவர்களே, பள்ளங்கள் நிரவப்படட்டும், மலைகள் தாழட்டும் என்று இன்று யோவான் கூப்பிடுகிறார். இன்று மதியம் சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து போகாமல் குடும்பமாய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். இந்த மாதம் நம் வீட்டில் என்னென்ன வேலை இருக்கிறது, அவற்றில் யார் தோளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரிந்துவிடும். மலையிலிருந்து எடுத்துப் பள்ளத்தில் போடுங்கள். ஆண்டவர் வரும் வழி அதுதான்.

மன்றாடுவோம். பெத்தானியா வீட்டில் விருந்துண்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளுக்கும் வாரும். அடுப்படியில் நிற்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்து இளைப்பாற்றும். உட்கார்ந்திருக்கும் எங்களை எழுப்பிவிடும். ஒருவர் தனியாகச் சுமக்காத, ஒருவரும் உமது காலடியில் இடமின்றிப் போகாத குடும்பங்களாய், பங்காய் எங்களை மாற்றும். ஆமென்.